திட்டு பாட்டுக்கு, அடி பெப்சிக்கு

2002 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் சேனலில் பில் ஓ'ரைலி தன் இரவு நிகழ்ச்சியில் கையிலெடுத்தது லுடாக்ரிஸ் என்ற ராப் பாடகரை. இயற்பெயர் கிறிஸ்டோபர் பிரிட்ஜஸ். அட்லாண்டாவில் வானொலித் தொகுப்பாளராக இருந்து பாட வந்தவர். அவருடைய பாட்டுகளில் பெண்கள், போதை, அடிதடி எல்லாம் உண்டு, நடுநடுவே நல்ல நக்கலும் உண்டு. அப்படிப்பட்டவரைப் பெப்சி தன் விளம்பரத்தில் நடிக்க வைத்திருந்தது. பெண்களை இழிவுபடுத்திப் பாடுகிற ஒருவருக்குப் பணம் கொடுக்கும் பெப்சியைத் தண்டியுங்கள் என்று ஓ'ரைலி தன் பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்டார். மறுநாளே பெப்சி பணிந்தது. வாடிக்கையாளர்களிடமிருந்து புகார்கள் வந்திருக்கின்றன என்று சொல்லி விளம்பரத்தை நிறுத்தியது.

ஒரே நாள். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கவனிக்க வேண்டிய விஷயம், அந்த வரிகள் ஒன்றும் புதியவை அல்ல. லுடாக்ரிஸின் ஆல்பம் வெளிவந்தது 2001 நவம்பரில். ஒன்பது மாதமாக அது கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருந்தது, பாட்டுகள் வானொலியில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒரு ராப் பாடகர் ஆபாசமாகப் பாடுகிறார் என்பது 2002இல் செய்தியே அல்ல. பெப்சி அவருக்குக் காசு கொடுக்கிறது என்பதுதான் செய்தி. வரியைத் தனியாக வைத்துக்கொண்டு ஓர் இரவு நிகழ்ச்சியை ஓட்ட முடியாது. அதன் பக்கத்தில் எல்லார் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலும் இருக்கிற ஒரு பெயரை நிறுத்தினால் ஒரு வாரத்துக்கே ஓட்டலாம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இந்தக் கதையை வேறு தளத்துக்குக் கொண்டுபோனது. 2003 ஜனவரியில் நடந்த, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின்போது பெப்சி ஒரு புது விளம்பரம் போட்டது. அதில் வந்தவர் ஓஸி ஆஸ்போர்ன், குடும்பத்தோடு. மேடையில் வௌவாலின் தலையைக் கடித்த அதே ராக் பாடகர்தான். அவர் குடும்பத்தை வைத்து எம்டிவி நடத்திய ரியாலிட்டி நிகழ்ச்சியில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'பீப்' சத்தம் கேட்கும், அத்தனை கெட்ட வார்த்தை. கறுப்பினப் பாடகரின் வசவு பெப்சிக்கு ஆகாது, வெள்ளையினப் பாடகரின் வசவு மட்டும் ஆகுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார் டெஃப் ஜாம் இசை நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரஸ்ஸல் சிமன்ஸ். அவருடைய ஹிப்-ஹாப் அமைப்பும் ஒரு புறக்கணிப்பு மிரட்டல் விடுத்தது. பிப்ரவரியில் சமரசம் ஆயிற்று. லுடாக்ரிஸின் அறக்கட்டளை வழியாக இளைஞர் நலப் பணிகளுக்குச் சில மில்லியன் டாலர் தருவதாகப் பெப்சி ஒப்புக்கொண்டது. அந்த விளம்பரம் மட்டும் திரும்பி வரவில்லை. ஓ'ரைலியோ, தான் புறக்கணிக்கச் சொல்லவே இல்லை, தனிப்பட்ட முறையில் பெப்சி குடிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன் என்று பேச்சை மாற்றிக்கொண்டார்.

ஆக, ஆறு மாதத்துக்குள் ஒரே கம்பெனி இரண்டு திசையிலிருந்தும் மிரட்டப்பட்டு, இரண்டு முறையும் வளைந்து கொடுத்தது. லுடாக்ரிஸுக்கு என்ன நஷ்டம்? 2003 அக்டோபரில் வந்த அவருடைய அடுத்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது.

இந்தக் கூச்சல் எப்போதும் விளம்பரதாரரைக் குறிவைப்பதற்குக் காரணம் எளிமையானது. பாட்டை விற்கிற கம்பெனிக்குச் சர்ச்சை ஒரு சரக்கு. 1985இல் அமெரிக்க செனட்டில் பாடல் வரிகள் பற்றிய விசாரணை நடந்தது. டிப்பர் கோர் உள்ளிட்ட வாஷிங்டன் அரசியல்வாதிகளின் மனைவிமார் தொடங்கிய இயக்கம் கொடுத்த அழுத்தம் அது. அதன் விளைவாக ஆல்பங்களில் பெற்றோருக்கான எச்சரிக்கை ஒட்டப்படத் தொடங்கியது. பதினைந்து வயதுப் பையன் கடையில் எந்த ஆல்பத்தை எடுப்பான் என்பதை அந்தக் கறுப்பு வெள்ளை ஸ்டிக்கரே சொல்லிக் கொடுத்துவிட்டது. (அந்த இயக்கம் 'படுமோசம்' என்று பட்டியலிட்ட பதினைந்து பாடல்களில் ஒன்றுகூட ராப் இல்லை என்பது இப்போது பலருக்கு மறந்துபோன விஷயம்.) சோடா விற்கிறவரின் நிலைமை வேறு. தேவாலயப் பாதிரியாரும் பெப்சி குடிக்க வேண்டும், ராப் கேட்கிற பையனும் குடிக்க வேண்டும். இரண்டு பேரில் யாரையும் இழக்கத் தயாரில்லாத கம்பெனியை மிரட்டுவது சுலபம். பாட்டில் அதற்குப் பங்கு எதுவும் இல்லை, ஆகவே பாட்டுக்காக நின்று வாதாட அதற்கு ஆசையும் இல்லை.

கையில் ஆயுதமும் தயாராக இருக்கிறது. விளம்பர ஒப்பந்தங்களில் ஒழுக்கம் பற்றிய ஒரு ஷரத்து இருக்கும். கம்பெனியின் பெயருக்குக் களங்கம் வரும்படி நடந்துகொண்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இது ஹாலிவுட் கண்டுபிடிப்பு. 1921இல் நகைச்சுவை நடிகர் ஃபேட்டி ஆர்பக்கிள் ஒரு மரண வழக்கில் சிக்கியபோது யுனிவர்சல் நிறுவனம் நடிகர்களின் ஒப்பந்தங்களில் இதைப் புகுத்தியது. ஆர்பக்கிள் பின்னர் விடுதலையானார், ஷரத்து மட்டும் நின்றுவிட்டது. அதைப் பயன்படுத்தாமல் காசையும் விட்டுக்கொடுத்த கதையும் பெப்சியிடமே உண்டு. 1989இல் மடோனாவுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த விளம்பரத்தை, அதே பாட்டின் வீடியோவில் எரியும் சிலுவைகள் வந்ததற்கு மதக் குழுக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் எடுத்துவிட்டார்கள். பணம் மடோனாவிடமே தங்கிவிட்டது.

அப்படியானால் இவ்வளவு வம்பு பிடித்த ஆட்களை ஏன் தேடிப் போகிறார்கள்? தொடக்கத்தில் ராப் பாடகர்கள்தான் கம்பெனியைத் தேடிப் போனார்கள். நியூயார்க்கின் ரன்-டிஎம்சி குழு 1986இல் அடிடாஸ் ஷூவைப் பற்றி ஒரு பாட்டே பாடியது. மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அவர்கள் கேட்டதும் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் தங்கள் அடிடாஸ் ஷூக்களைக் கழற்றித் தூக்கிக் காட்டினார்கள். அந்தக் காட்சியை அடிடாஸ் அதிகாரி ஒருவர் நேரில் பார்த்தார், ஒப்பந்தம் பிறந்தது. அதன் பிறகு கம்பெனிகள் ராப்பில் வாங்கியது இசையை மட்டுமல்ல. ஷூ கம்பெனியான ரீபொக் 2005இல் 50 சென்ட் என்ற ராப் பாடகரை வைத்து ஒரு விளம்பரம் எடுத்தது. அவர் உடம்பில் ஒன்பது குண்டுகள் பாய்ந்து பிழைத்தவர் என்பது ரசிகர்களுக்கெல்லாம் தெரியும். விளம்பரத்தில் அவர் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணுவார். பிரிட்டனில் புகார்கள் குவிந்ததும் அதை நிறுத்திக்கொண்டார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ரீபொக் காசு கொடுத்தது அந்த ஒன்பது குண்டுகளுக்கு. ஆபத்தின் வாசனை வேண்டும், ஆபத்து வேண்டாம். இந்தப் பேரத்தில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. பிறகு யாராவது வரிகளைப் படித்துக் காட்டும்போது கம்பெனி அதிர்ச்சியடைவது போல் முகம் காட்டுவதைத்தான் என்னால் நம்ப முடிவதில்லை.

விளம்பரதாரர் இல்லாத இடத்திலும் இதே உத்தி வேலை செய்திருக்கிறது, மிரட்டுவதற்கு வேறு சரக்கு இருந்தால் போதும். 1992இல் ஐஸ்-டி என்ற ராப் பாடகரின் பாடி கவுண்ட் குழு, காவலரைக் கொல்வது பற்றிய ஒரு பாட்டை வெளியிட்டது. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த காவலர்கள் விடுதலையாகி லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்த வருடம் அது. டெக்சாஸ் காவலர் சங்கம் ஒன்று, பாட்டை மட்டுமல்லாமல் அதை வெளியிட்ட டைம் வார்னர் குழுமத்தின் எல்லாச் சரக்கையும் புறக்கணிக்கும்படி அறைகூவல் விடுத்தது. துணை அதிபர் டான் குவேல் கண்டித்தார். டைம் வார்னரில் பங்கு வைத்திருந்த நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து, அந்த ஆல்பத்தின் வரிகளை அப்படியே படித்துக் காட்டினார். 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்தில் மோசேயாக நடித்தவர் அந்தக் குரலில் அந்த வசவுகளைப் படித்ததைக் கேட்ட இயக்குநர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜூலை இறுதியில் ஐஸ்-டி தானே பாட்டை ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டார். அவரே 2000இலிருந்து ஒரு தொலைக்காட்சித் தொடரில் போலீஸ் துப்பறிவாளராக நடித்துவருகிறார், இன்றுவரை.

அந்தப் பாட்டு ராப்பே அல்ல. பாடி கவுண்ட் ஒரு ஹெவி மெட்டல் குழு, கிட்டாரும் டிரம்ஸும்தான். ஆனாலும் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் அதை ராப் என்றே எழுதினார்கள், பேசினார்கள். இதில் இருக்கிற விஷயத்தை உளவியலாளர் கேரி ஃப்ரைட் 1996இல் வெளியிட்ட ஆய்வு நன்றாகப் பிடித்துக் காட்டியது. அவர் எடுத்துக்கொண்டது 1960இல் வந்த ஒரு நாட்டுப்புறப் பாணிப் பாட்டு. ஒருவன் காவலரைச் சுட்டுவிட்டு வருத்தமில்லாமல் பேசுகிற வரிகள். அதே வரிகளைச் சிலரிடம் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) பாட்டு என்று சொல்லிக் கொடுத்தார், சிலரிடம் ராப் என்று சொல்லிக் கொடுத்தார். ராப் என்று நினைத்துப் படித்தவர்களுக்குத்தான் அது அதிக ஆபத்தாகவும் அருவருப்பாகவும் தெரிந்தது. பாடியவர் கறுப்பர் என்று நினைத்தவர்களுக்கும் அப்படியே. 2016இல் கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே பாணியில் மறுபடி சோதித்தபோதும் ராப் என்ற பெயர்தான் அடி வாங்கியது. ரீனோ ஊரில் ஒருவனை, அவன் சாவதைப் பார்ப்பதற்காகவே சுட்டேன் என்று வெள்ளையினக் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1950களில் பாடினார். அவருக்கு அமெரிக்க அரசு கலைக்கான தேசியப் பதக்கம் கொடுத்தது.

1995இல் செனட்டர் பாப் டோல், முன்னாள் கல்வியமைச்சர் வில்லியம் பென்னட், கறுப்பின உரிமைப் போராளி சி. டெலோரஸ் டக்கர் மூவரும் டைம் வார்னரைத் துளைத்தெடுத்தார்கள். டாக்டர் டிரே, ஸ்னூப் டாக், டுபாக் ஆகிய ராப் பாடகர்களின் பாட்டுகளை வெளியிட்டுவந்த இன்டர்ஸ்கோப் நிறுவனத்தில் டைம் வார்னருக்குப் பாதிப் பங்கு. தாங்க முடியாமல் அதைச் சுமார் 11.5 கோடி டாலருக்கு இன்டர்ஸ்கோப் உரிமையாளர்களிடமே விற்றுவிட்டது. சில மாதத்தில் எம்சிஏ என்ற இன்னொரு இசை நிறுவனம் அதே பாதியை 20 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஒரு வரிகூட மாறவில்லை, கல்லாப்பெட்டி மட்டும் இடம் மாறியது. எமினெமும் 50 சென்ட்டும் பிறகு அதே இன்டர்ஸ்கோப்பில்தான் உலகப் புகழ் பெற்றார்கள். 2022 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இடைவேளை மேடையில் டிரே, ஸ்னூப், எமினெம், 50 சென்ட் எல்லாரும் சேர்ந்து பாடியபோது அந்த நிகழ்ச்சியின் ஸ்பான்சர் யார் தெரியுமா? பெப்சி.

இதையெல்லாம் வைத்து, ராப் வரிகள் மேல் வரும் கோபம் எல்லாமே இனவெறி நாடகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ராப் ரசிகர்கள் பலர் அப்படித்தான் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். டெலோரஸ் டக்கர் மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போனவர், அவருடைய கோபத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 2004இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில், அது கறுப்பினப் பெண்கள் படிக்கும் கல்லூரி, நெல்லி என்ற ராப் பாடகர் எலும்பு மஜ்ஜை தானத்துக்கு முகாம் நடத்துவதாக இருந்தது. ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட தன் சகோதரிக்காக அவர் தொடங்கிய இயக்கம் அது. அவர் வீடியோ ஒன்றில் ஒரு பெண்ணின் பின்புறத்தில் கிரெடிட் கார்டைத் தேய்க்கும் காட்சி உண்டு. முகாமுக்கு வாருங்கள், அந்த வீடியோவைப் பற்றியும் எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்றார்கள் மாணவிகள். முகாமே ரத்தாகிவிட்டது. அந்தப் பெண்கள் யாருடைய விளம்பரத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. பாடியவரிடம் நேரடியாகப் பேசக் கேட்டார்கள். நான் படித்த இத்தனை சர்ச்சைகளிலும் எனக்கு உண்மையானதாகப் பட்ட கேள்வி அதுதான், அதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

2013க்கு வருவோம். அந்த ஆண்டு வசந்த காலத்தில் சில வாரங்களுக்குள் இரண்டு பெரிய ஒப்பந்தங்கள் முறிந்தன. முதலாவது, ரீபொக் விளம்பரத்துக்கு வைத்திருந்த ராப் பாடகர் ரிக் ராஸ். ஒரு பாட்டில் அவர் பாடிய பகுதியில், ஒரு பெண்ணின் ஷாம்பெய்னில் அவளுக்குத் தெரியாமல் போதை மருந்தைப் போட்டு வீட்டுக்கு அழைத்துப்போனதாக வரும். அதற்குப் பெயர் பாலியல் வன்முறை, அதில் விளக்கத்துக்கு இடமே இல்லை. ராஸ் முதலில், நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்றார். அல்ட்ராவயலட் என்ற பெண்கள் அமைப்பு கையெழுத்து திரட்டி, நியூயார்க்கில் ரீபொக் கடை வாசலிலேயே நின்றது. ஏப்ரல் 11 அன்று ரீபொக் அவரைக் கழற்றிவிட்டது. முழு மன்னிப்பு அதற்கு மறுநாள்தான் வந்தது. போதைப்பொருள் வியாபாரியின் குரலில் ராஸ் பல வருடங்களாகப் பாடி வந்ததில் ரீபொக்குக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது லில் வெய்ன். பிப்ரவரியில் கசிந்த ஒரு பாட்டில், உடலுறவை வர்ணிக்கும் ஓர் உவமையில் எம்மெட் டில்லின் பெயரை இழுத்திருந்தார். எம்மெட் டில் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன். 1955இல் சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்குப் போனவனை வெள்ளையர்கள் கடத்தி, முகம் அடையாளம் தெரியாமல் அடித்துக் கொன்று ஆற்றில் வீசினார்கள். சவப்பெட்டியை மூடக்கூடாது, என் மகனுக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்றார் அவன் தாய். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமை இயக்கத்துக்கு உயிர் கொடுத்த சம்பவங்களில் ஒன்று அது. அந்த முகத்தை ஒரு ஆபாச வரிக்கு உவமையாக்கினால் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? அவர்கள் பிப்ரவரியிலிருந்தே கேட்டார்கள். இசைக் கம்பெனி மன்னிப்புக் கேட்டுப் பாட்டைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னது. லில் வெய்னை விளம்பரத்துக்கு வைத்திருந்த மவுண்டன் டியூ, அதாவது மறுபடியும் பெப்சி கம்பெனி, மே 3 அன்றுதான் அவரை விட்டது. அதுவும், டைலர் தி கிரியேட்டர் என்ற இன்னொரு ராப் பாடகர் எடுத்த மவுண்டன் டியூ விளம்பரம் இனவெறித்தனமானது என்று அதே வாரத்தில் வெடித்து, கம்பெனி ஏற்கனவே தலையில் கை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்.

இப்போது அந்த ஒரு நாள் கணக்கு. ஒன்பது மாதப் பழைய பாட்டுக்காக ஒரு டிவி தொகுப்பாளர் கத்தினால் ஒரே நாளில் விளம்பரம் போகிறது. கொல்லப்பட்ட சிறுவனின் சொந்தக் குடும்பம் கேட்டால் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகிறது. கோபத்தின் நியாயத்துக்கும் கம்பெனியின் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. பாட்டு எவ்வளவு மோசம் என்பது அங்கே யாருடைய மேசையிலும் கேள்வியாக இருப்பதில்லை. கத்துகிறவரின் குரல் எத்தனை வீடுகளுக்குள் போகிறது என்பதே கேள்வி.

அரசியலிலும் இதே ஏற்பாடுதான், சோடாவின் இடத்தில் வேட்பாளர். 2008இல் தன் ஐபாடில் லுடாக்ரிஸ் பாட்டு இருப்பதாக ஒபாமா ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். ஜூலையில் லுடாக்ரிஸ் ஒபாமாவை ஆதரித்து ஒரு பாட்டு வெளியிட்டார், அதில் ஹிலாரி கிளின்டனையும் எதிர்க்கட்சி வேட்பாளர் மெக்கெயினையும் தாறுமாறாகத் திட்டியிருந்தார். கேட்காமல் வந்த ஆதரவு. ஒபாமா தரப்பு உடனே அதைக் கண்டித்து விலகிக்கொண்டது. ஆனால் 2011 மே மாதம் வெள்ளை மாளிகைக் கவிதை நிகழ்ச்சிக்குக் காமன் என்ற ராப் பாடகரை மிஷெல் ஒபாமா அழைத்தபோது நடந்தது வேறு. ஃபாக்ஸ் நியூஸ் அவருடைய பழைய வரிகளைத் தோண்டியெடுத்தது, நியூ ஜெர்சி காவலர் சங்கம் எதிர்த்தது. வெள்ளை மாளிகை அழைப்பைத் திரும்பப் பெறவில்லை. காமன் வந்தார், படித்தார், போனார். சில நாள் விவாதத்துக்குப் பிறகு சேனல்கள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டன. பணியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் அரிது, ஏனென்றால் பணியாமல் இருந்து பார்த்த கம்பெனிகள் குறைவு.

பில் ஓ'ரைலி என்ன ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017 ஏப்ரல் 1 அன்று நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. பாலியல் தொல்லை உள்ளிட்ட புகார்களைச் சொன்ன ஐந்து பெண்களுக்கு ஓ'ரைலியும் ஃபாக்ஸும் சேர்ந்து சுமார் 1.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்திருந்தார்கள். அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். மெர்சிடிஸ்-பென்ஸ் முதலில் விளம்பரத்தை எடுத்தது, பிறகு ஹூண்டாய், பிஎம்டபிள்யூ என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட விளம்பரதாரர்கள் போனார்கள். ஏப்ரல் 19 அன்று ஃபாக்ஸ் அவரை அனுப்பிவிட்டது. நடுவில் அவர் நிகழ்ச்சியின் பார்வையாளர் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. லுடாக்ரிஸ் ஆல்பம் விற்றது போலவே. ரசிகர்கள் இரண்டு இடத்திலும் அசையவில்லை, அசைந்தது விளம்பரதாரர்கள் மட்டும். அதே ஆண்டின் இறுதியில் ரஸ்ஸல் சிமன்ஸ் மீதும் பல பெண்கள் பாலியல் புகார் கூறினார்கள். அவரும் மறுத்தார், தன் நிறுவனப் பொறுப்புகளிலிருந்து விலகினார். பெண்களின் மரியாதை என்ற பெயரில் தொடங்கிய சண்டையில் இரு பக்கமும் நின்று பஞ்சாயத்து செய்தவர்கள் இவர்கள் இருவரும்.

அண்மைக் கதை இன்னும் வேடிக்கை. இப்போது வரிகளைக் கண்டு கொதித்தவர் ஒரு ராப் பாடகரே. 2024இல் கென்ட்ரிக் லாமரும் டிரேக்கும் பாட்டுக்குப் பாட்டு மோதிக்கொண்டதில், டிரேக்கைச் சிறார்மீது ஆசைப்படுகிறவர் என்று கென்ட்ரிக் ஒரு பாட்டில் குற்றம்சாட்டினார். 2025 ஜனவரியில் டிரேக் அவதூறு வழக்குப் போட்டார். பாடிய கென்ட்ரிக் மேல் வழக்கில்லை. அதை வெளியிட்ட யுனிவர்சல் மியூசிக் மேல்தான், அது டிரேக்குக்கும் கம்பெனிதான். பிப்ரவரியில் ஆப்பிள் மியூசிக் ஸ்பான்சர் செய்த சூப்பர் பௌல் மேடையில் கென்ட்ரிக் அந்தப் பாட்டைப் பாடினார், குறிப்பிட்ட அந்த ஒரு சொல்லை மட்டும் உச்சரிக்காமல். அக்டோபரில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். சூடான ராப் மோதலின் நடுவே வந்த வரிகளை, நியாயமாக யோசிக்கும் எந்த ரசிகரும் உண்மைத் தகவலாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது அவர் கண்ட முடிவு. பாட்டு வரியை வாக்குமூலமாகப் படிக்கலாமா என்ற கேள்வியை முப்பது வருடமாக டிவியில் யாரும் இவ்வளவு நிதானமாக எடுத்துப் பேசியதில்லை. டிரேக் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்.